மோட்டார் ஓடுது சரி, தண்ணி ஓடுதா?

ஏங் கண்ணு, மெட்ராஸுக்குப் போயி கொளத்தூர்ல தேடிப் புடிச்சு டிஸ்கஸ் மீன் வாங்கியாந்து வச்சிருக்கிறயாமா! விலையைக் கேட்டுப்போட்டு உங்க அப்பத்தா தொறந்த வாயை இன்னும் மூடலை. கண்ணாடிப் பொட்டிக்கு அடியில கேனிஸ்டர் பில்டரு, அதோட வெளிக்குழாயில ஹீட்டரு, அக்கட்டால யூவி லைட்டு. போன வருசம் நான் ஆசுபத்திரியில படுத்துக் கெடந்தப்பக்கூட என்ர மேல இத்தனை டியூப் சொருகலே.

மீனைக் குத்தஞ் சொல்ல வரலை. அமேசான் ஆத்துச் சாதி, 28 டிகிரி, 30 டிகிரின்னு வெதுவெதுப்பாத்தான் கேக்கும். நான் உன்னையத்தான் சொல்றேன். "பில்டரு உர்ருங்குதுங்க அப்பாரு, ஓடிட்டுத்தான் இருக்குது"ன்னியே, அந்தப் பேச்சைத்தான் சொல்றேன். நம்ம கெணத்துல புட்வால்வு காத்து இழுத்தாக்கூட மோட்டாரு ஜோராத்தான் ஓடும். வாய்க்கால்ல போயிப் பாத்தா சொட்டு ஈரம் இருக்காது. படிக்காத நானே மோட்டார் ரூமுல நின்னு காதைத் தீட்டாம வாய்க்காலத்தான் பாப்பேன். இஞ்சினீரு படிச்ச நீ சத்தத்தைக் கேட்டுட்டுத் தூங்கப் போறே.

ராத்திரி கரண்டு போயி வந்தா கேனிஸ்டருக்குள்ள காத்து அடைச்சுக்கும். பம்பு உறுமும், தண்ணி நகராது. குழாயில இருக்குற ஹீட்டரு நின்ன தண்ணியை வேக வைக்கும். தண்ணி எறங்கிக் காத்து நின்னுட்டா ஹீட்டரோட கண்ணாடி வெடிக்கும். "தெர்மோஸ்டாட் அணைச்சுருமுங்க"ம்பே. அதோட காண்டாக்ட் ஒட்டிக்கிட்டா அதை யாரு அணைக்கறது? அணைஞ்சாலும் என்ன, சுடுதண்ணி பொட்டிக்குப் போகாது, மார்கழிக் குளுருல மீனு வெறைச்சுப்போகும்.

அதுக்குத்தான் ஃப்ளோ சென்சார்னு ஒண்ணு இருக்குது. பெரிய வித்தையெல்லாம் இல்லை. குழாய்க்கு நடுவால ஒரு குட்டிச் சக்கரம், அதுல காந்தம். தண்ணி தள்ளத் தள்ளச் சக்கரம் சுத்தும். காந்தம் கிட்ட வரும்போதெல்லாம் பக்கத்துல இருக்குற ஹால் சென்சாரு ஒரு பல்ஸ் குடுக்கும். ஹால்ங்கறது எட்வின் ஹால். 1879லயே அந்த மனுசன் கண்டுபுடிச்சு வச்ச விசயம், உனக்கு இன்னைக்குத்தான் எட்டியிருக்குது. கடையில சல்லிசாக் கெடைக்குற ஒய்எஃப்-எஸ்201ல ஒரு லிட்டருக்குச் சுமாரா 450 பல்ஸ். நிமிசத்துக்கு 10 லிட்டர் ஓடுனா நொடிக்கு 75. அது 30 லிட்டர் வரைக்குந்தான் கணக்குச் சொல்லும். பெரிய பம்புல கொண்டுபோயி மாட்டிப்போட்டு அதையத் திட்டாதே.

மாட்டுற எடத்துலதான் உன்ர சாமர்த்தியம் தெரியும். பில்டருக்குள்ள போற குழாயில வச்சா எலைச் சருகும் நத்தையும் சக்கரத்தைப் புடிச்சுக்கும். சலிச்ச தண்ணி வெளிய வர்ற குழாயில, ஹீட்டருக்கு முன்னால வையி. மேல அம்புக்குறி இருக்கும், திருப்பி மாட்டிப்போட்டு எனக்குப் போன் பண்ணாதே. பில்டர் டப்பாவுல எழுதியிருக்குற லிட்டர் கணக்கையும் நம்பாதே. அது பஞ்சு கிஞ்சு இல்லாம அளந்த கணக்கு. பில்டரைக் கழுவுன அன்னைக்கு என்ன ஓடுதோ, அதுதான் உன்ர கணக்கு. அதுல பாதிக்கு எறங்குனாப் பஞ்சைக் கழுவு. பூஜ்யம்னா ஹீட்டரும் யூவியும் தானா அணையோணும்.

தானா! அதைச் சொன்னா "போனுக்கு மெசேஜ் வருமுங்க"ங்கறே. நீ போனைச் சைலண்டுல போட்டுட்டுத் தூங்கற ஆளு. நான் கூப்புட்டே எடுக்கறதில்லை, மீனு கூப்புட்டா எடுத்துருவயாக்கும்! ஹீட்டருக்குப் போற கரண்டை வெட்டுற ரிலேயை நார்மலி ஓப்பன்ல கட்டு. சென்சாரைக் கேக்குற போர்டே செத்துப்போனாலும் ஹீட்டரு அணைஞ்சேதான் கெடக்கும். கரண்டு வந்ததும் அரை நிமிசம் பொறுத்துட்டு அப்புறம் சென்சாரைக் கேளு, சக்கரம் சுத்த ஆரம்பிக்கோணுமல்ல. சக்கரத்துலயும் பாசி ஏறும். பில்டர் கழுவும்போது அதையும் கழுவு.

இன்னொண்ணு. இதெல்லாம் ஹீட்டரைக் காப்பாத்தும், மீனைக் காப்பாத்தாது. தண்ணி நின்னா மீனுக்குக் காத்து வேணும், பேட்டரியில ஓடுற ஏர்பம்பு ஒண்ணு வாங்கி வையி. பல மணி நேரம் நின்ன கேனிஸ்டரை அப்படியே ஓட்டிராதே. உள்ள பாக்டீரியா மூச்சு முட்டிச் செத்துருக்கும், அந்த நாத்தத் தண்ணி முச்சூடும் மீனு மேலதான் போகும். கழுவிப்போட்டு ஓட்டு.

எல்லாம் மாட்டி முடிச்சதும் பில்டர் பிளக்கை மட்டும் புடுங்கிப் பாரு. ஹீட்டர் லைட்டு அணைஞ்சாச் சரி. அணையலையின்னா ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்புட்டு அவங்கிட்டக் குடுத்துப்போட்டு, நீ பேசாம மீனுக்குத் தீனி போடு. அதையும் எச்சாப் போட்டுறாதே, பில்டரு அடைச்சுக்கும்.