அந்த வேஸ்ட்டைக் கொஞ்சம் வாங்கிட்டு வா

எங்கள் வீட்டில் குண்டு பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டிய புண்ணியவான் நான்தான். 60 வாட் இருந்த இடத்தில் 9 வாட் போதும், வெளிச்சம் குறையாது என்று அம்மாவிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். "குண்டு பல்பு தின்கிற கரண்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சூடாகவே போயிருதும்மா. அத்தனையும் வேஸ்ட்டு." அம்மா ஒன்றும் சொல்லாமல், கழற்றிய பல்புகள் பழைய இரும்புக்காரரிடம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் அடி மோட்டாரில் விழுந்தது. எங்கள் ஊரில் வோல்டேஜ் பார்க்க யாரும் மீட்டர் வைத்திருந்ததில்லை. வாசல் பல்பே மீட்டர். பளிச்சென்று எரிந்தால் மோட்டார் போடலாம். மஞ்சளடித்தால் யோசிக்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்பி மட்டும் செக்கச் சிவந்து புழு மாதிரி தெரிந்தால், ஸ்விட்ச் பக்கமே போகக் கூடாது. எல்.இ.டி.க்குள் டிரைவர் என்று ஒரு சமாச்சாரம் உட்கார்ந்திருக்கிறது. 230 வோல்ட் வந்தாலும் 150 வந்தாலும் ஒரே முகம்தான், வாசலில் கடன்காரன் நிற்கும்போதும் சிரிக்கிற பெரிய மனிதர் மாதிரி. அந்தச் சிரிப்பை நம்பி மோட்டாரைப் போட்டேன். கால் மணி நேரத்தில் காயில் கருகிய வாசனை அடுப்படிவரை வந்தது. ரீவைண்டிங்குக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடிக்க இந்தப் பல்புகள் இன்னும் எத்தனை வருஷம் எரிய வேண்டும் என்று நான் கணக்குப் போடவில்லை. போட்டால் அம்மா கேட்பார்.

அடுத்தது பேய். ஸ்விட்சை அணைத்த பிறகும் ரேழி பல்பு நிலா வெளிச்சம் போல மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. அம்மா இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்தார். "ஸ்விட்சை நியூட்ரல்ல போட்டிருக்குதுங்ணா. கரண்டு கொஞ்சம் கசியுது. குண்டு பல்பா இருந்தா தெரிஞ்சிருக்காது." லைனைச் சோதிக்கப் பையிலிருந்து அவர் எதை எடுத்தார் தெரியுமா? ரெண்டு ஒயர் நீட்டிய ஹோல்டர், அதில் ஒரு குண்டு பல்பு!

பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. நாளுக்கு ஐந்து மணி என்றால் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் வர வேண்டும். ரேழி பல்பு பதினோராவது மாதமே கண் சிமிட்ட ஆரம்பித்தது. குண்டு பல்பு போனால் 'டப்' என்று போகும். காதோரம் வைத்து ஆட்டினால் 'கிலுக்' என்று சாவுச் செய்தி சொல்லும். சில சமயம் அந்த ஆட்டலிலேயே அறுந்த கம்பி ஒட்டிக்கொண்டு இன்னும் ரெண்டு நாள் எரியும். இதுவோ சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. கடைக்காரர் பில்லைக் கேட்டார். நீட்டினேன். எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தது. பல்பின் கழுத்தில் அவரே மார்க்கரில் எழுதித் தந்த தேதியை, தூசி துடைக்கிறேன் என்று அம்மா ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்திருந்தார்.

மார்கழியில் தாய்க்கோழியை நாய் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பன்னிரண்டு குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் விட்டு, வழக்கம்போல மேலே பல்பைத் தொங்கவிட்டேன். ராத்திரி எட்டிப் பார்த்தால், பட்டப்பகல் போன்ற வெளிச்சத்தில் பன்னிரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே குவியலாக நடுங்கிக் கத்திக்கொண்டிருந்தன. இந்த வெள்ளை வெளிச்சத்துக்கு வழிவிட்ட நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். நியாயமான பரிசுதான். ஆனால் மூவரில் யாரும் மார்கழியில் கோழிக்குஞ்சு வளர்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

"வெளிச்சத்தை வெச்சு அதுக என்ன பேப்பரா படிக்கப் போகுது?" என்று கேட்டபடி அம்மா பெட்டியைத் தூக்கிப் போய் விறகடுப்புச் சூட்டோரம் வைத்தார். அப்புறம் திரும்பி நிதானமாகச் சொன்னார்: "அன்னிக்கு வேஸ்ட்டுன்னு சொன்னியே சாமி, நாளைக்குக் கடைக்குப் போயி அந்த வேஸ்ட்டைக் கொஞ்சம் வாங்கிட்டு வா."

மூன்று கடை ஏறி இறங்கினேன். நான்காவது கடையில் "குண்டு பல்பு" என்று சொல்லி முடிப்பதற்குள், "கோழிக்குஞ்சுக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டே பரண் ஏறினார் கடைக்காரர். தூசி தட்டிக் கொடுத்த 60 வாட்டைப் பெட்டிக்கு மேலே மாட்டினேன். ஐந்து நிமிஷத்தில் குவியல் கலைந்தது. குஞ்சுகள் இறக்கையைப் பரப்பி, காலை நீட்டி, அங்கங்கே படுத்துக்கொண்டன.

ஏழு மணி வாக்கில் பல்பு மெல்ல மஞ்சளடித்தது. பிறகு சிவந்தது.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "சாமி, மோட்டாரை நிறுத்து."