தொட்டிக்கும் கோலம்

கேள்வி: பால்கனியில் உள்ள மண் தொட்டிகளுக்குப் பளபளவென்று எனாமல் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: சுவருக்கு அடியுங்கள், தொட்டியை விட்டுவிடுங்கள். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே ஈரம் கசிந்து ஆவியாவதால்தான் வேர் குளிர்ந்திருக்கிறது. எனாமல் பூசுவது, சித்திரை வெயிலில் செடிக்கு மழைக்கோட்டு மாட்டுவது போல!

நம் திண்ணைகளை அழகாக்கிய காவியும் சுண்ணாம்பும் இருக்கின்றனவே. வெளிப்பக்கம் மட்டும் காவி பூசி, காய்ந்ததும் வெள்ளையில் ஒரு கம்பிக்கோலம் இழுங்கள். துளசிக்கும் கற்றாழைக்கும் அந்தச் செம்மண் நிறம் அப்படி எடுப்பாக இருக்கும்! மழையில் கரைந்தால் என்ன, மறுபடி வரைய ஒரு சாக்கு.

அடித்துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கீழே வைக்கும் தட்டில் தேங்கும் நீரையும் அடிக்கடி கொட்டுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, ஒரு கரண்டித் தண்ணீர் கிடைத்தாலே குடித்தனம் வந்துவிடும், வாடகையும் தராது.