மீட்டரு பண்ண புண்ணியம்

என்ன பேராண்டி, ஒம் போனு கீச்சுக் கீச்சுன்னு கத்துது? பழைய மோடம் சத்தமா? அதைப் போய் ரிங்டோனா வச்சிருக்கியா? வட்டிக்காரன் குரலை எவனாச்சும் தாலாட்டாக் கேப்பானா?

"அது பொற்காலம் தாத்தா"ங்கிற. நீ பொறந்ததே 2000-க்கு அங்கிட்டு. ஒனக்கு ஏதுடா அந்தக் காலம்? சொல்றேன், கேட்டுக்க.

1982-ல சீமையில ஸ்பெக்ட்ரம்னு ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வந்துச்சு. மிஞ்சிப் போனா 48 கேபி நெனப்பு. வெளையாட்டு கேசட்டுல இருக்கும். டேப் ரெக்கார்டரை மாட்டிட்டு அஞ்சு நிமிசம் தேமேன்னு ஒக்காரணும். கடைசியில நாடா பிசகுச்சா? மறுபடி மொதல்லருந்து சுத்து! இன்னிக்கு அதைக் காசு குடுத்து வாங்கி ஷோகேஸ்ல வைக்கிறீக. என்னிக்காச்சும் கரண்டு குடுத்துப் பாத்தீகளா?

அப்புறம் மோடம் வழியா சேதி போட்டுப் படிக்கிற புல்லட்டின் போர்டு. ஒரு புண்ணியவான் தன் வீட்டு போன் லைன்ல கம்ப்யூட்டரைக் கட்டி விட்டிருப்பான். ஒத்த லைனு. ஒருத்தன் உள்ள இருந்தா அடுத்தவனுக்கு எங்கேஜ்டு. 1995 ஆகஸ்டு 15-ல நம்ம நாட்டுல சர்க்காரு கம்பெனி வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டைத் தொறந்து விட்டுச்சு, அதுவும் பெரிய ஊருகளுக்குத்தான். வேகம் 9.6 கேபிபிஎஸ். நீ காலங்காத்தால அனுப்புற 3 எம்பி குட்மார்னிங் படம் அதுல வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். நடுவுல ஒங்க ஆச்சி ரிசீவரை எடுத்தா அம்புட்டும் அம்பேல்.

நம்ம போடியில? ராத்திரி 11 மணிக்கு மேல கால்வாசி ரேட்டுன்னு எஸ்.டி.டி. பூத்து வாசல்ல நிப்பாக. கண்ணு பூராவும் செகப்பு நம்பர் ஓடுற மீட்டர் மேல. "நல்லாருக்கியா? மலையில மழை உண்டா? காய் என்ன வெலை? சரி, வச்சிர்றேன்." சோலி முடிஞ்சுது.

"அப்ப அளவாப் பேசுனாக, சண்டை சச்சரவு இல்ல"ன்னு நீ உருகுற. அது மனுசன் கொணமாடா? மீட்டரு பண்ண புண்ணியம்! ஓசின்னா எங்க ஆளுகளும் விடிய விடிய வம்பளந்திருப்பாக.

நம்மூரு ஏலக்கா யாவாரியப் பாரு. கூவி எடுத்த ஏலத்தை 2007 வாக்குல ஸ்பைசஸ் போர்டு கம்ப்யூட்டருக்கு மாத்துச்சு. பழைய கூவலை நெனச்சு எவன் அழுதான்? பேசாமப் பொத்தானை அமுக்கக் கத்துக்கிட்டான். ஆனா, சாம்பிள் பொட்டலத்தைப் பிரிச்சு, ஒரு காயை நெகத்தால கிள்ளி, கறுப்பு விதையை மோந்து பாக்குறத மட்டும் விடல. லாபம் எதுல இருக்குன்னு அவனுக்குத் தெரியும்.

ஒனக்கும் அந்தக் காலம் வேணுமா? போனை நோண்டுற நிமிசத்துக்கு ஒரு ரூவா உண்டியல்ல போடு. மாசக் கடைசியில எண்ணிப் பாரு, பொற்காலத்தோட வெலை தெரியும். உண்டியல் சாவி மட்டும் எங்கிட்ட இருக்கட்டும், என்ன?