ஃபால்ட்டி டவர்ஸில் மீண்டும் ஓர் அறை

ஃபால்ட்டி டவர்ஸ் என்பது பிபிசி 2 தொலைக்காட்சியில் 1975இல் ஆறு பகுதிகளும் 1979இல் ஆறு பகுதிகளுமாக வெளிவந்த நகைச்சுவைத் தொடர். மொத்தமே பன்னிரண்டு பகுதிகள்தான். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் உள்ள டார்க்கி நகரத்தில் ஒரு சிறிய தங்கும் விடுதி. அதன் உரிமையாளர் பேசில் ஃபால்ட்டிக்கு விடுதி நடத்துவதில் ஒரே ஒரு சங்கடம், அங்கே ஆட்கள் வந்து தங்குகிறார்கள். முழுத் தொடரும் சில டிவிடி வட்டுகளில் அடங்கிவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் பால்காரர் வருவதற்குள் முடித்துவிடலாம். பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டதால்தான் இது மறுபடி மறுபடி பார்க்கப்படுகிறது என்று சொல்வதுண்டு. அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி கதை கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது.

பேசிலின் மூலவர் டொனால்ட் சின்க்ளேர் என்ற முன்னாள் கடற்படைக்காரர். டார்க்கியில் க்ளெனீகிள்ஸ் என்ற விடுதியை நடத்திவந்தார். 1970 மே மாதம் மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவினர் படப்பிடிப்புக்காக அங்கே தங்கினார்கள். அமெரிக்கரான டெர்ரி கில்லியம் கறியை முதலில் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டு, பிறகு முள்கரண்டியை மட்டும் பிடித்துச் சாப்பிட்டார். இந்த நாட்டில் அப்படிச் சாப்பிடுவதில்லை என்று சின்க்ளேர் மேசைக்கே வந்து திருத்தினாராம். எரிக் ஐடிலின் கைப்பெட்டியில் வெடிகுண்டு இருக்கலாம் என்று அதைக் கொண்டுபோய் வெளியே சுவரோரம் வைத்தாராம். உள்ளே இருந்தது அலாரம் கடிகாரம். குழுவில் மற்றவர்கள் சட்டென்று வேறு விடுதிக்கு மாறிக்கொண்டார்கள். பின்னாளில் பேசிலாக நடித்த ஜான் கிளீஸ் மட்டும் மாறவில்லை. மனைவி கோனி பூத்தும் வந்து சேர்ந்துகொண்டார். இப்படி ஒரு மனிதரைக் காசு கொடுத்தாலும் பார்க்க முடியாது என்று கிளீஸுக்குப் பட்டிருக்க வேண்டும். காசும் கொடுத்துத்தான் தங்கினார். சின்க்ளேரின் மனைவி பிற்பாடு தம் கணவர் அப்படிப்பட்டவரே அல்ல என்று வாதாடினார். குடும்பத்தாருக்கு அந்த உரிமை உண்டு.

கிளீஸும் பூத்தும் சேர்ந்து எழுதிய முதல் பிரதி பிபிசிக்குப் போனபோது, அதைப் படித்த அலுவலர் ஒருவர் இது அரைத்த மாவு, பாத்திரங்கள் எல்லாம் பழகிய அச்சு, எடுத்தால் படுதோல்விதான் என்ற பொருளில் குறிப்பெழுதினார். அந்தக் குறிப்பு இன்று தொடருக்கு இணையாகப் புகழ்பெற்றுவிட்டது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் நூறு சிறந்த பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டபோது ஃபால்ட்டி டவர்ஸுக்குத்தான் முதலிடம். கிளீஸ் சொல்லும் கணக்குப்படி ஒரு பிரதி எழுத ஆறு வாரம் பிடித்தது. மற்ற அரை மணி நேரத் தொடர்களின் பிரதி 65 பக்கம் என்றால் இது 135 பக்கத்தைத் தாண்டும். காட்சித் துண்டுகளும் வழக்கமான 200க்குப் பதில் 400. கிளீஸும் பூத்தும் 1978இல் மணவிலக்குப் பெற்றார்கள். தம்பதியாக எழுதியது ஆறு, தம்பதியாக இல்லாமல் வெளியிட்டது ஆறு. எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆறு எது என்று யாராலும் சொல்ல முடியாது. பேசிலுக்கும் அவர் மனைவி சிபிலுக்கும் நடக்கும் சண்டை இரண்டு தொகுதிகளிலும் ஒரே சூட்டில்தான் இருக்கிறது.

எல்லாப் பகுதிகளும் ஒரே விதையிலிருந்து முளைப்பவை. பேசில் ஒரு சின்னப் பொய் சொல்வார். சொல்லாமலே இருந்திருக்கலாம், அல்லது ஒரு நிமிடம் வெட்கப்பட்டு உண்மையை ஒப்புக்கொண்டிருக்கலாம். அவர் இரண்டையும் செய்வதில்லை. திருமண நாள் பகுதி இதற்கு நல்ல உதாரணம். போன வருடம் மறந்துபோன திருமண நாளை இந்த வருடம் பேசில் நினைவில் வைத்து, சிபிலுக்குத் தெரியாமல் நண்பர்களையும் விருந்துக்கு அழைத்திருக்கிறார். அதாவது, பன்னிரண்டு பகுதிகளில் இங்கேதான் அவர் ஒரு நல்ல கணவர். ஆனால் மறந்ததுபோல் கொஞ்ச நேரம் நடித்து வேடிக்கை பார்க்கும் ஆசை அவரை விடவில்லை. சிபில் கோபித்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். விருந்தினர் வந்துவிடுகிறார்கள். சிபிலுக்கு உடம்பு சரியில்லை என்கிறார் பேசில். பார்க்க வேண்டும் என்கிறார்கள் அவர்கள். பணிப்பெண் பாலிக்குச் சிபில் வேடம் போட்டு இருட்டறையில் படுக்க வைக்கிறார். அப்புறம் உண்மையான சிபில் திரும்பி வருகிறார். நல்லது செய்யப் புறப்பட்ட மனிதர், கட்டிய மனைவியைச் சமையலறை அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவதில் வந்து நிற்கிறார். இடையில் எந்தப் படியும் தாண்டப்படவில்லை. ஒவ்வொரு படியிலும் அவர் வேறு வழியில்லாமல்தான் ஏறுகிறார்.

மறுபார்வையில் சிரிப்பு இடம் மாறுவதும் இதனால்தான். காது மந்தமான ரிச்சர்ட்ஸ் அம்மாள் வரும் பகுதியில், குதிரைப் பந்தயத்தில் வென்ற பணம் சிபிலுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, பரிமாறுபவன் மனுவேலிடம் பேசில் கண்டிப்பாகச் சொல்லிவைக்கிறார்: யார் கேட்டாலும் உனக்கு ஒன்றும் தெரியாது. முதல் தடவை பார்ப்பவருக்கு இது சாதாரணக் கட்டளை, கவனிக்காமல்கூட விட்டுவிடுவார். பிற்பாடு, அந்தப் பணம் தன்னுடையதுதான் என்று சாட்சி சொல்ல உலகத்தில் மனுவேலை விட்டால் ஆளில்லை என்ற நிலை பேசிலுக்கு வருகிறது. மனுவேல் பெருமிதத்தோடு தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறான். புதிதாகப் பார்ப்பவர் அங்கே சிரிப்பார். இரண்டாம் தடவை பார்ப்பவரோ கட்டளை இடும் இடத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவார்; சிரிப்பதற்கு அந்தக் காட்சியில் ஒன்றுமே இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டார் முதலில் திரையைப் பார்ப்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள். என்ன என்று கேட்டால் அவரால் சொல்லவும் முடியாது, சொன்னால் கதை போச்சு. இந்தத் தொடரை ஏற்கனவே பார்த்தவரோடு உட்கார்ந்து பார்ப்பதைவிடத் தனியாகப் பார்ப்பது மேல் என்று பல குடும்பங்கள் தீர்மானித்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

பிணம் வரும் பகுதியையும் இப்படிப் பார்க்கலாம். இரவே இறந்துபோன விருந்தாளிக்குப் பேசில் காலைச் சிற்றுண்டி கொண்டுபோகிறார். ஆள் போய்விட்டது தெரியாமல், பதில் பேசாத மரியாதைக்கேட்டைக் குறித்து அலுத்துக்கொள்கிறார். பிறகு உண்மை தெரிந்ததும், தான் பரிமாறிய பழைய மீன்தான் கொன்றுவிட்டது என்று நடுங்கி அந்த மீனை ஒளித்துவைக்க அலைகிறார். மீன் தட்டில் தொடாமல் கிடக்கிறது. அதாவது, சாவுக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை அதற்குப் பின்தான், பிணத்தை அறை அறையாகத் தூக்கிச் செல்லும்போது, தொடங்குகிறது.

வீட்டில் பார்ப்பவருக்கு ரிமோட் தரும் சலுகைகளும் உண்டு. பெரும்பாலான பகுதிகளின் தொடக்கத்தில் விடுதியின் பெயர்ப்பலகை வரும். எழுத்துகள் முதலில் சாய்ந்தும் உதிர்ந்தும் இருக்கும். போகப் போக இடம் மாறி வேறு வேறு சொற்களாகும். ஃபேட்டி அவுல்ஸ், வாட்டரி ஃபவுல்ஸ் என்பவை வீட்டில் பெரியவர்கள் முன்னால் வாசிக்கத் தக்கவை. மற்றவற்றை நிறுத்தி வைத்து வாசிப்பவர்கள் தங்கள் பொறுப்பில் செய்துகொள்ள வேண்டும். இதைச் செய்வது செய்தித்தாள் போடும் பையன் என்பது ஒரு பகுதியில் ஒரு கணம் தெரிகிறது. ஒளிபரப்பில் கண்ணைக் கசக்கினால் தவறிவிடும்.

வெளிப்புறக் காட்சிகள் படச்சுருளிலும் உட்புறக் காட்சிகள் அரங்கில் வீடியோ நாடாவிலும் எடுக்கப்பட்டவை. அதனால் பேசில் வாசற்படியைத் தாண்டும்போதெல்லாம் நிறமும் ஒளியும் மாறும், வேறு நாட்டுக்குள் நுழைவதுபோல. நல்ல பெரிய திரையில் இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. திரை எவ்வளவு விலை உயர்ந்ததோ அவ்வளவுக்கு விடுதி மலிவாகத் தோன்றும். ஆங்கில உச்சரிப்பு பிடிபடாதவர்கள் திரைக்கடியில் வசன வரிகளைப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒரு நஷ்டம் உண்டு. கிளீஸ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் ஊசியை வைப்பார். வரியோ முழு வாக்கியத்தையும் முதல் நொடியிலேயே கொட்டிவிடும். அவர் வாய் திறப்பதற்குள் படிப்பவர் சிரித்து முடித்திருப்பார்.

பின்னால் கேட்கும் சிரிப்பு செயற்கையாகச் சேர்த்ததல்ல, அரங்கில் இருந்தவர்களுடையது. கட்டடத் தொழிலாளர்கள் வரும் பகுதியின் பதிவுக்கு ஐஸ்லாந்து ஒலிபரப்பு நிறுவனத்திலிருந்து விருந்தினராக வந்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள் என்றும், மிக இனிமையானவர்களான அவர்கள் கடைசிவரை சிரிக்கவே இல்லை என்றும் கிளீஸ் சொல்லியிருக்கிறார். தெரிந்துகொண்டு கேட்டால் அந்த மௌனம் லேசாகக் காதில் விழுகிறது. அல்லது விழுவதாகத் தோன்றுகிறது.

நடிப்பில் கிளீஸின் நீண்ட கால்களுக்குத்தான் பேர் போயிற்று. மறுபார்வையில் கண்ணில் நிற்பவர் சிபிலாக வரும் புரூனெல்லா ஸ்கேல்ஸ். தொலைபேசியில் தோழியிடம் தெரியும், தெரியும் என்று இழுத்துக்கொண்டே, கண்ணைத் திருப்பாமல் விடுதி முழுவதையும் நடத்திவிடுகிறார். மனுவேலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் பெர்லினில் பிறந்தவர்; நாஜிகளிடமிருந்து தப்பி 1938இல் சிறுவனாகக் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்தவர். ஸ்பானிய உச்சரிப்பு தமக்கு வராதே, பாத்திரத்தை ஜெர்மானியனாக வைத்துக்கொள்ளலாமா என்று முதலில் கேட்டாராம். நல்லவேளை, மறுத்துவிட்டார்கள். ஸ்பெயினில் மொழிமாற்றம் செய்தபோது மனுவேலை இத்தாலியன் ஆக்கிவிட்டார்கள். அடி வாங்குகிறவன் பக்கத்து ஊர்க்காரனாக இருப்பதைத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள். அந்த அடிகளிலும் சில நிஜம். ஒரு பகுதியில் கிளீஸ் அடித்தது நிஜ இரும்பு வாணலி. இன்னொன்றில், தீப்பிடித்ததுபோல் புகை வருவதற்காகச் சட்டையில் தடவிய அமிலம் சாக்ஸின் தோலைச் சுட்டுவிட்டது. இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியில் சிரிப்பது கொஞ்சம் கஷ்டம்.

பழைய தொடரைத் தூசி தட்டினால் தூசியும் சேர்ந்துதான் வரும். விடுதியில் நிரந்தரமாகத் தங்கியிருக்கும் கிழட்டு மேஜர், ஜெர்மானியர்கள் வரும் பகுதியில் இந்தியக் கிரிக்கெட் அணியைப் பற்றியும் மேற்கிந்தியர்களைப் பற்றியும் பேசும்போது இனவசைச் சொற்களைச் சர்வசாதாரணமாக உதிர்க்கிறார். எழுதியவர்கள் கேலி செய்வது மேஜரைத்தான். ஆனாலும் அரங்கத்தின் சிரிப்பு எதற்காக என்பதை 1975இன் ஒலிப்பதிவு பிரித்துச் சொல்வதில்லை. 2013இல் பிபிசி மறு ஒளிபரப்பில் அந்த வரிகளை வெட்டியது. 2020 ஜூனில் யுகேடிவி தன் இணையச் சேவையிலிருந்து அந்தப் பகுதியையே சில நாள் எடுத்துவிட்டு, எச்சரிக்கை வாசகத்தோடு திரும்பச் சேர்த்தது. வீட்டு அலமாரியில் இருக்கும் வட்டுக்கு இந்தப் போக்குவரத்து எதுவும் தெரியாது. வேறு குறைகளும் இருக்கின்றன. மனநல மருத்துவர் தங்க வரும் பகுதியில் பேசிலின் கை ஒரு ஆஸ்திரேலியப் பெண்மேல் தவறிப் படும் வேடிக்கை ஒரு தடவைக்கு மேல் தாங்காது. அதைப் பல தடவை செய்கிறார்கள். அந்தப் பகுதியைச் சேர்ந்து எழுதிய கோனி பூத் பின்னாளில் நடிப்பை விட்டுவிட்டு உளச்சிகிச்சையாளர் ஆனார்.

2009இல் மெருகேற்றி வந்த டிவிடியில் கிளீஸே பகுதிக்குப் பகுதி உரை பேசுகிறார். தம்மைவிட மற்ற நடிகர்களைப் பார்த்துத்தான் அதிகம் சிரிக்கிறார். வாடிக்கையாளரை எப்படி நடத்தக்கூடாது என்பதற்குப் பேசிலைவிடச் சிறந்த பாடம் கிடையாது. எப்படி நடத்த வேண்டும் என்று நிறுவனங்களுக்குப் பயிற்சிப் படம் எடுத்து விற்ற வீடியோ ஆர்ட்ஸ் என்ற கம்பெனியை 1972இல் தொடங்கியவர்களிலும் கிளீஸ் ஒருவர். இரண்டு தொழிலும் அவருக்கு நன்றாகவே நடந்தன.

விடுதியின் வெளித்தோற்றமாகக் காட்டப்பட்ட கட்டடம் டார்க்கியில் இல்லை, பக்கிங்ஹாம்ஷயரில் இருந்தது; 1991இல் தீப்பிடித்து, பிறகு இடிக்கப்பட்டது. நிஜமான க்ளெனீகிள்ஸும் இடிக்கப்பட்டு, அங்கே ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்பு எழுந்தது. அதற்குச் சாக்ஸ் லாட்ஜ் என்று பரிமாறுபவனாக நடித்தவரின் பெயரை வைத்தார்கள். அமெரிக்காவில் இந்தத் தொடரைப் பார்த்து மூன்று முறை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 1983இல் வந்த அமாண்டாஸ் தொடரில் பேசில் என்ற பாத்திரமே இல்லை. எரிச்சலையும் நிர்வாகத்தையும் சேர்த்து ஒரு பெண்மணியிடமே கொடுத்துவிட்டார்கள். மூன்றில் எதுவும் நிலைக்கவில்லை. 2024இல் மூன்று பகுதிகளைப் பின்னிக் கிளீஸ் எழுதிய மேடை நாடகம் லண்டனில் அரங்கேறியது. மூன்றாம் தொகுதி எழுதச் சொல்லிக் கேட்டவர்களுக்கு அவர் மறுத்தேவந்தார். திரைப்படத்துக்கென்று மட்டும் ஒரு கதை யோசித்திருந்தார்: பேசில் மனுவேலின் ஊரான பார்சிலோனாவுக்கு விமானம் ஏறுகிறார், வழியில் கடத்தல்காரனை மடக்குகிறார், விமானம் லண்டனுக்கே திரும்புகிறது என்று கேட்டதும் ஆத்திரத்தில் தாமே அதைக் கடத்தி ஸ்பெயினுக்குக் கொண்டுபோய், விடுமுறை முழுவதையும் அங்கே சிறையில் கழிக்கிறார். அந்தப் படம் எடுக்கப்படவில்லை.