மிளகாய்க்கு அடங்காத தலைவலி

வாடியம்மா ராசாத்தி. வளைகாப்பு முடிஞ்சு உறையூருக்கு வந்துட்ட. இனிமே இந்தத் தெருவுல இருக்கிற கிழவிங்க அத்தனை பேரும் உனக்கு டாக்டரு. அப்பாயி நானும் அதுல ஒருத்திதான்.

தலை வலிக்குதும்ப. கண்ணு பட்டிருக்கும்னு உங்கம்மா உப்பையும் மிளகாயையும் சுத்தி அடுப்புல போடுவா. போட்டுட்டுப் போறா, அடுப்பு அவளுது. ஆனா மண்டை விடாம பொளந்து, கண்ணு மங்கி, மூஞ்சியும் கையும் உப்பிச்சுன்னா அது பிரஷரு. 140-க்கு 90-னு ஏறி நிக்கிற பிரஷருக்கு மிளகாய் காரம் உறைக்காது, வலிப்புல கொண்டுபோய் விட்டுடும். பிள்ளை பொறந்து ஆறு வாரம் வரைக்கும்கூட வரும்.

வயித்துக்குள்ள துள்ளுறது குறைஞ்சா, "அப்பனாட்டம் தூங்குது"ன்னு சிரிப்பாளுங்க. மாப்பிள்ளை தூங்குமூஞ்சிதான், ஒத்துக்கிறேன். பிள்ளை அப்படி இல்லை. அசைவு குறைஞ்சா அப்பவே ஆஸ்பத்திரி. பனிக்குடம் உடைஞ்சாலும் ரத்தம் பட்டாலும் அதேதான். ராகு காலம் முடியட்டும்னு உங்க தாத்தா காலண்டரைத் தூக்கிட்டு வருவாரு. அவரை வெத்தலை வாங்க அனுப்பிடு.

மலைக்கோட்டையில தாயுமானவர் என்ன செஞ்சாரு? ரத்னாவதிக்கு வலி கண்டுடுச்சு. ஆத்தாக்காரி காவேரி வெள்ளத்துல அக்கரையில நிக்கிறா. வெள்ளம் வடியட்டும்னா அவர் உக்காந்திருந்தாரு? தானே சேலையைச் சுத்திக்கிட்டு வந்து பிரசவம் பார்த்தாரு. அவருக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம்னுதான் நம்மூருல 2008-லேர்ந்து 108 ஓடுது. அவருக்கு நேர்ந்துக்கிட்ட வாழைத்தாரைப் பொறவு கொடுத்துக்கலாம். வெக்காளியம்மன் சூலத்துல சீட்டு கட்டணுமா, தாராளமா எழுது. முதல்ல போனைப் போட்டுட்டு, வண்டி வர்றதுக்குள்ள எழுது. புத்தூர் பெரியாஸ்பத்திரி கூப்பிடு தூரம்.

பிள்ளை பொறந்ததும் எல்லாரும் தொட்டிலைச் சுத்தி நிப்பாளுங்க, மூக்கு யாரு ஜாடைன்னு பஞ்சாயத்து பண்ண. உன் மூஞ்சியைப் பார்க்க ஆளிருக்காது. நீயே பார்த்துக்க. ஒரு மணி நேரத்துல ஒரு நாப்கின் நனைஞ்சுபோனா, "கெட்ட ரத்தம், போகட்டும்"பா ஒருத்தி. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டா "பால் கட்டியிருக்கும், சுக்குக் கசாயம் குடி"ம்பா இன்னொருத்தி. ஒத்தைக் கால் மட்டும் வீங்கி வலிச்சா, மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா லேகியத்தை நீட்டுவாளுங்க. லேகியத்தை வாங்கி எனக்குக் கொடு, நல்லா இனிக்கும். நீ வண்டி ஏறு. எந்நேரமும் அழுகையா வந்து, செத்துடலாம்னோ பிள்ளையை என்னமாச்சும் பண்ணிடலாம்னோ தோணினா, வேப்பிலை அடிக்க விடாத. டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லு. ஆறு மாசம் கழிச்சு எதுக்குப் போனாலும், "எனக்குப் பிரசவமாகி இத்தனை மாசம்"னு நீயா சொல்லணும். அவங்க கேக்கட்டும்னு இருக்காத.

"ஏழு பெத்தேன், ஒரு மாத்திரை முழுங்கினதில்லை"ன்னு எதிர்வீட்டுக்காரி பீத்திக்குவா. எங்க அக்காளும் பீத்திக்கிட்டுத்தான் இருந்தா, ரெண்டு பிள்ளை வரைக்கும். மூணாவதுக்குக் கெட்ட ரத்தம்னு விட்டாங்க. விடிய நாலு நாழி இருந்துச்சு.

சரி சரி, கண்ணைத் தொடை. கர்ப்பம் பதிஞ்ச பிக்மி அட்டையைத் தலைமாட்டுல வை. போனுக்குச் சார்ஜ் போட்டியா? அந்தத் தூங்குமூஞ்சியையும் எழுப்பு, அவன் போனுக்கும் போடட்டும்.