பந்தைப் பாக்காதே, பேரப்புள்ள

தோத்துட்டு வந்த பொறவு வீடியோவப் போட்டுப் பாக்கிய பாரு, அந்த அழகே தனிதான்லே. ஒரு போனுக்குள்ள நாலு பேரு தலைய விடுதிய. நேரா கோல் விழுற எடத்துக்கு ஓட்டுதிய. ‘இந்தா, இங்கதான்’னு நிப்பாட்டி, கோலி கையையும் பந்தையும் பெருசு பண்ணிப் பாக்கிய. ‘கோலி சரியில்ல’ன்னு ஒரே மனசாத் தீர்ப்பு எழுதிட்டு எந்திரிச்சிருதிய. எவ்வளவு சுலபமான வேலை! பதினோரு பேரு சேந்து தோத்தா, பத்துப் பேருக்கு அதுல சம்பந்தமே இல்ல. இந்த வித்தைய நீங்கதான் கண்டுபிடிச்சதா நெனச்சிராதிய. பிரேசில்காரன் உங்களுக்கெல்லாம் அண்ணன்.

1950 ஜூலை 16. ரியோவுல மரக்கானா மைதானம். உருகுவேகிட்ட 2-1னு தோத்து உலகக்கோப்பையக் கோட்டைவிட்டாங்க. ரெண்டாவது கோலை அடிச்ச கிஜியா, வலது ஓரமா ஓடி வந்து, கம்பத்துக்கும் கோலிக்கும் நடுவுல சொருகிட்டான். கோலி பேரு பார்போசா. 2000-த்துல அவன் கண்ண மூடுற வரைக்கும் அந்தப் பழி எறங்கல. இதே கிஜியா அதுக்கு 13 நிமிசம் முன்னால இதே ஓரமா ஓடி வந்துதான் ஸ்கியாஃபினோவுக்குப் பந்தைக் குடுத்து மொத கோலைப் போட வச்சான். மறுபடியும் அப்படித்தான் நடுவுல அனுப்புவான்னு கோலி கொஞ்சம் நகந்துட்டான். நியாயமான சந்தேகந்தான? அந்த ஓரத்துல நின்ன பிகோடேக்கும் ஏச்சு கெடச்சுது, இல்லங்கல. ஆனா பெரிய பங்கு கோலிக்குத்தான் போச்சு. ஒருத்தனை ஒரே வழியில ரெண்டு தடவ ஓட விடுறது சின்னத் தப்பு; ஒரு எட்டு நகந்து நிக்கிறது ஆயுள் தண்டனைத் தப்பு. உங்க சட்டப் புத்தகமும் அதுதான.

போவட்டும். பாடம் படிக்கணும்னு ஆசப்பட்டுட்ட. உனக்கு ஒரு படம் காட்டுதேன். 2014 ஜூலை 8, பெலோ ஹொரிசோன்தே ஊரு, மினெய்ரோ மைதானம், உலகக்கோப்பை அரையிறுதி. ஜெர்மனி 7, பிரேசில் 1. தடுப்பாட்டம் எப்படி இருக்கக்கூடாதுன்னு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கெடயாது, பீஸும் இல்ல.

போடுமுன்னால மூணு காரியம் பண்ணு. மொதல்ல சத்தத்தை அமத்து; வர்ணனைக்காரன் கத்துன பக்கந்தான் உன் கண்ணு போவும். ரெண்டாவது, கோல் விழுந்த நேரத்துல இருந்து பத்து எண்ணிப் பின்னால ஓட்டு. மூணாவது, உன் பெருவிரலை எடுத்துப் பந்து மேல வச்சு மறைச்சுக்கோ. சிரிக்காதலே. டிவிக்காரன் கேமரா பந்துக்குப் பொறத்தால ஓடுற கேமரா. மைதானம் பூராவும் தெரியிற மாதிரி ஒசரத்துல இருந்து எடுத்த படத்தைப் பாத்துத்தான் பெரிய டீம்ல வேலை செய்யிறவன் தொழில் பண்ணுதான். நமக்கு அது கெடைக்காது, பெருவிரலு கெடைக்கும். பந்து கோலுக்குள்ள போனது ஊருக்கே தெரியும். பந்து இல்லாதவன் எங்க நின்னான், எவனைப் பாத்து நின்னான், எப்பம் ஓட ஆரம்பிச்சான்? அதுதான் படம்.

இப்பம் தேசிய கீதம் பாடுறதுல இருந்து போடு. டேவிட் லூயிசும் கோலி ஜூலியோ செசாரும் ஒரு சட்டையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்காங்க பாரு. அது நெய்மார் சட்டை. காலிறுதியில முதுகெலும்புல அடிபட்டுப் படுத்துட்டான், பாவம். நாடே அழுதுது, நானும் உச்சுக் கொட்டுனேன். ஆனா அன்னைக்கு வராத ஆளு இன்னொருத்தனும் உண்டு. கேப்டன் தியாகோ சில்வா, ஸ்டாப்பர். அதே காலிறுதியில கொலம்பியா கோலி பந்தை ஒதைக்கப் போவும்போது குறுக்கப் போயி நின்னு ரெண்டாவது மஞ்ச அட்டையும் வாங்கி, ஓர் ஆட்டத் தடையில வீட்டுல இருக்கான். அவன் சட்டைய யாராவது தூக்குனாங்களா? தூக்கமாட்டாங்க. கோல் அடிக்கிறவன் போனா துக்கம். கோலைத் தடுக்கிறவன் போனா ‘வேற ஆளைப் போட்டுக்கலாம்’. தோத்த வெவரம் விசில் ஊதுமுன்னயே படத்துல இருக்குலே.

வேற ஆளாப் போட்டது தாந்தேயை. அந்த உலகக்கோப்பையில அதுவரைக்கும் ஒரு நிமிசம் ஆடாதவன். அப்பம் அவன் பொழப்பு பாயர்ன் மியூனிக்குல. அங்க அவன்கூடத் தெனமும் பயிற்சி எடுத்தவங்க யாரு? முல்லர், குரோஸ், லாம், ஷ்வைன்ஸ்டைகர். அவங்களைத் தாந்தேக்கு நல்லாத் தெரியும்னு பிரேசில்காரன் சந்தோசப்பட்டிருப்பான். தாந்தேயை அவங்களுக்கும் அதே அளவு தெரியும்னு ஒருத்தன் எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

11-வது நிமிசம். குரோஸ் கார்னர் எடுக்கான். பெருவிரலை வை. முல்லரை மார்க் பண்ணவேண்டியது டேவிட் லூயிஸ். அவன் கூட்டத்துக்குள்ள சிக்கிக்கிட்டான். முல்லர் வெளிய வந்து, பக்கத்துல ஈ காக்கா இல்லாம, பாதத்தோட உட்பக்கத்தால மெதுவாத் தள்ளி விடுதான். உலகக்கோப்பை அரையிறுதியில இவ்வளவு நிம்மதியா ஒருத்தன் கோல் போட்டா, அது அவன் கெட்டிக்காரத்தனம் மட்டும் இல்ல, விருந்து வச்சவன் பெருந்தன்மையுந்தான்.

அடுத்து 23. முல்லர் தட்டி விட்டதை க்ளோசா அடிக்கான். செசார் தடுத்துட்டான்! ஏசுதியளே, அந்தக் கோலிதான். கீழ விழுந்து கெடக்கான். திரும்பி வந்த பந்து மறுபடியும் க்ளோசா காலுக்கே போவுது. கோலி தன் வேலையைச் செஞ்சுட்டான், மிச்சம் உள்ளவங்க வேடிக்கை பாக்காங்க. க்ளோசாவுக்கு அது உலகக்கோப்பையில 16-வது கோல். பிரேசில்காரன் ரொனால்டோ வச்சிருந்த 15-ங்கிற சாதனைய, பிரேசில் மண்ணுலயே வச்சு முடிச்சிட்டான்.

24-ல லாம் வலது ஓரத்துல இருந்து தரையோட அனுப்புதான், முல்லருக்குச் சிக்கல, பின்னால வந்த குரோஸ் எடது காலால அடிச்சிட்டான். 26-ல ஃபெர்னாந்தினியோ காலுல இருந்து குரோஸே பந்தைப் பறிச்சு, கெதீராவுக்குக் குடுத்து வாங்கிப் போட்டுட்டான். 29-ல ஹும்மெல்ஸ் பின்னால இருந்து பந்தைக் கொண்டு வந்தான். கெதீராவும் ஓசிலும் குடுத்து வாங்கி அஞ்சாவதைக் கெதீரா முடிச்சான். ஆறே நிமிசத்துல நாலு. நான் சொல்லி முடிக்கவே அதுல பாதி நேரம் ஆயிருக்கும்.

இந்த ஆறு நிமிசத்தை மட்டும் விரலை எடுக்காமப் பாரு. கண்மாய்க் கரையில ஓர் எடத்துல ஒடப்பெடுத்தா, ஊரே மம்பட்டியத் தூக்கிக்கிட்டு அந்த எடத்துக்கே ஓடும். ரெண்டு பாகம் தள்ளி இன்னோர் எடம் ஊறிக்கிட்டிருக்கிறதைப் பாக்க ஆளிருக்காது. அதேதான் நடக்கு. பந்து இருக்கிற எடத்துக்கு மூணு பேரு பாயுதான். அதுல ஒருத்தன் விட்டுட்டு வந்த எடத்துலதான் அடுத்த ஜெர்மன்காரன் ஆற அமர நிக்கான். ஓடலைன்னு ஒருத்தனையும் குத்தம் சொல்ல முடியாது. எல்லாரும் ஓடுனாங்க. ஓடாம நிக்க வேண்டியவனும் ஓடுனான், அதுதான் கொடுமை.

கோலுக்கும் கோலுக்கும் நடுவுல உள்ளதையும் பாரு, உங்க போன்ல தள்ளி விட்டுருவியளே, அதை. ரெண்டாவது விழுந்த பொறவு ஒருத்தனாவது ‘கால் பிடிச்சிக்கிட்டு’ன்னு படுத்தானா? ஒருத்தனாவது குனிஞ்சு ஷூ கயித்தை அவுத்துக் கட்டுனானா? பந்தை நடுவுல வச்சு, அவசர அவசரமா ஆரம்பிச்சு, அவசர அவசரமா அடுத்ததை வாங்குனாங்க. மான ரோசம் உள்ளவங்க, உடனே திருப்பிக் குடுக்கணும்னு நெனச்சாங்க. தடுப்பாட்டத்துல ரோசம் ஆவாது பேரப்புள்ள. ரெண்டு கோல் வாங்கினவனுக்கு உடனே தேவை மூணாவது விழாம இருக்கிறது. கோச் ஸ்கொலாரி 2002-ல கோப்பை ஜெயிச்சுக் குடுத்தவரு, சும்மா ஆளில்ல. அவரும் ஹாஃப் டைம் வரைக்கும் ஆளை மாத்தல. அதுக்குள்ள அஞ்சு.

இந்த எடத்துல உன் சேக்காளி ஒருத்தன் கணக்கு நோட்டைத் தூக்கிட்டு வருவான் பாரு, ‘தாத்தா, அந்த ஆட்டத்துல ஷாட்டு அதிகம் அடிச்சது பிரேசிலாக்கும்’னு. மெய்தான். ஷாட்டுல அவங்கதான் கூட. ஷாட்டுக்குக் கோப்பை குடுக்கிறதா இருந்தா வாங்கிட்டு வரட்டும், நான் மாலை போடுதேன்.

இப்பம் நீ ‘புரிஞ்சுட்டு தாத்தா, அன்னைக்கு அவனுவளுக்கு நேரம் சரியில்ல’ங்கப் போற. அதைக் கேக்கத்தான் இவ்வளவு நேரம் பேசுனேன். படத்தை மாத்து. தோத்த படம் போதும், ஜெயிச்ச படத்தைப் போடு.

அதே உலகக்கோப்பை, ஜூன் 12, மொத ஆட்டம், பிரேசில்காரன் குரோவேசியாவை 3-1னு ஜெயிச்சான். 11-வது நிமிசம் என்ன ஆச்சு? டானி ஆல்வெஸ் விட்டுட்டுப் போன ஓரத்துல ஒலிச் வந்து பந்தை அனுப்ப, அது மார்செலோ கால்ல பட்டு சொந்த கோல். ஜெயிச்சாச்சுல்லா, எல்லாரும் மறந்தாச்சு. ஜூன் 28, சிலி, இதே மினெய்ரோ மைதானம். மார்செலோ த்ரோ எறிய, ஹல்க் அதைச் சரியாத் திருப்பிக் குடுக்காம விட, சிலிக்காரன் பறிச்சு, சாஞ்செஸ் போட்டுட்டான். கூடுதல் நேரத்தோட கடேசி நிமிசத்துல பினியா அடிச்சது மேல்கம்பத்துல பட்டுத் திரும்பிச்சு. பெனால்டியில தப்பிச்சாங்க. ஊரே அழுது கொண்டாடுச்சு. அந்தக் கம்பத்துக்கு ஒரு நன்றி அறிவிப்புக் கூட்டம் போட்டிருக்கலாம். ஜூலை 4, கொலம்பியாவை 2-1. ரெண்டு கோலையும் அடிச்சது யாருங்க? தியாகோ சில்வாவும் டேவிட் லூயிசும். ரெண்டு பேரும் ஸ்டாப்பரு! ‘ஆகா, ஸ்டாப்பரே கோல் போடுதான்’னு கைதட்டுனாங்க. அப்பம் தடுக்கிறது யாருன்னு கேக்கிறவனை விளையாட்டு தெரியாத கிழவன்பாங்க.

அஞ்சு ஆட்டத்துல வாங்குனது நாலே கோல். நோட்டுல பாத்தா தடுப்பு இரும்பு. சரி பண்ணலைன்னும் சொல்ல முடியாது: ஆல்வெஸை உக்கார வச்சுட்டு மைக்கோனைப் போட்டாங்க. ஆளு மாறுனான்; விங் பேக் மேல ஏறிப் போனா அந்த எடத்தை யாரு அடைக்கிறதுங்கிற கேள்வி மாறல.

அங்கன ஜெர்மன்காரன் என்ன செஞ்சான்? கொலோன் நகரத்து விளையாட்டுப் பல்கலைக்கழகத்துல படிக்கிற பிள்ளைகளை உக்கார வச்சு, எதிராளி ஆட்டத்தையெல்லாம் அக்கு வேறா ஆணி வேறாப் பிரிச்சுப் பாக்க வச்சான். அந்தப் பிள்ளைகளுக்குப் பிரேசில் ஜெயிச்சது தோத்தது ஒரு பொருட்டா? இவன் கொண்டாடித் தூக்கிப் போட்ட படம் அவனுக்குப் பாடப் புத்தகம்.

‘தியாகோ சில்வா இருந்திருந்தா’ன்னு பொறவு ஒரு பாட்டு கெளம்பிச்சு. நாலே நாளுல, ஜூலை 12, நெதர்லாந்து கூட மூணாம் எடத்துக்கான ஆட்டம். சில்வா வந்துட்டான். ரெண்டாவது நிமிசம் ராபென் தாண்டிப் போவும்போது கையப் பிடிச்சு இழுத்தான், பெனால்டி, வான் பெர்சி போட்டாச்சு. கொஞ்ச நேரத்துல டேவிட் லூயிஸ் தலையால தட்டுனது நேரா பிளிண்டுக்கே போயி ரெண்டாவது. முடிவு 3-0. மொத அஞ்சு ஆட்டத்துல நாலு, கடேசி ரெண்டுல பத்து. ஒரு ஆளு இல்லாததாலதான் தோத்தோம்ங்கிறவன் வாய அடைக்கணும்னே அந்த ஆளு திரும்பி வந்த மாதிரி இருந்துது.

தோத்த படத்துல பாக்க ஒண்ணும் இல்லைன்னு சொல்லல. ஆனா அதுல மூணாவது கோலுக்குப் பொறவு எல்லாரும் பயந்துபோயி நிக்கான். பயந்தவன் எங்கன நிக்கான்னு பாத்து என்ன படிக்க? ஜெயிச்ச படத்துலதான் அவனவன் சொந்தப் புத்தியில நிக்கான், சொந்த வழக்கத்துல ஓடுதான், சொந்தச் சோம்பேறித்தனத்துல திரும்பி வராம இடுப்புல கை வைக்கான். தப்பு அப்பவே அங்க இருக்கு. அன்னைக்குக் கம்பம் காப்பாத்திச்சு, இல்லைன்னா எதிராளிக்குக் காலு வெளங்கல.

அதனால, போன மாசம் 4-3ன்னு ஜெயிச்சு, நடுச்சாமத்துல வெடியப் போட்டு எங்களைத் தூங்கவிடாம அடிச்சியள்லா, அந்த வீடியோவக் கொண்டா. நாலு எப்படிப் போட்டியன்னு எனக்கு வேண்டாம். அதைத்தான் ஊரு பூரா சொல்லித் திரிஞ்சியளே. மூணு எப்படி வாங்குனியன்னு பாப்போம். பதினோரு பேரும் வரணும், ஆளுக்கு ஒரு பெருவிரலோட. கோலியை எம்பக்கத்துல உக்கார வை. டீச்செலவு மத்த பத்துப் பேரு கணக்குல.