தும்மலே ஓட்டு

ஆப்பிரிக்கக் காட்டு நாய்கள் தும்மி ஓட்டுப் போட்டுத்தான் வேட்டைக்குக் கிளம்புமாமே! நம்பலாமா?

நம்பலாம், மூக்குப்பொடி கொடுத்து ஓட்டு வாங்க அங்கே ஆள் இல்லை! போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ பகுதியில் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஓய்வு முடிந்து கூட்டம் ஒன்றுகூடும்போது தும்மல் கூடக்கூட, வேட்டைக்குப் புறப்படும் வாய்ப்பும் கூடுகிறதாம். தலைமை ஜோடி முன்னின்றால் சுமார் 3 தும்மல் போதும். மற்றவை அழைத்தால் சுமார் 10 வேண்டும். ‘இதுவா ஜனநாயகம்?’ என்பீர்கள். சம ஓட்டு இல்லைதான். ஆனால் தொண்டர்கள் சேர்ந்து தும்மினாலும் கூட்டம் கிளம்புகிறதே! தலைவர் ஒப்புதலுக்கே எல்லாம் காத்திருந்தால் அது நடக்காது. மேலும், இரை விழுந்ததும் முதல் பந்தி பெரும்பாலும் குட்டிகளுக்கே. தும்மலை யாரும் போட்டுவிடலாம். பந்தியில் சின்னவர்களுக்கு வழிவிடுவதுதான் தலைமைக்குத் தேர்வு.